சாரத்தில் ஆள் ஏற்றுபவர்கள் வாங்க வேண்டிய பாலிசி: ஆறு வருட அனுபவம்

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மீதி ஒன்றரை எங்கே போயிற்று என்று சொல்லத்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான்கு கம்பெனிகளின் பாலிசித் தாளை வாங்கி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். முக்கியமான வரிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தவிரவும், நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன்.

பொருளின் பெயர் எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி. பழைய ஆட்கள் வாயில் இன்னும் 'டபிள்யூ.சி. பாலிசி'தான். வேலையில் ஆளுக்கு அடிபட்டால் 1923-ம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி கட்ட வேண்டிய பணத்தைக் கம்பெனி கட்டும் என்பது ஏற்பாடு. இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) இருக்கிற ஆளுக்கு இது தேவையில்லை, அவர் இந்தச் சட்டத்தில் கேட்கவும் முடியாது. என்னைப் போல எட்டு ஒன்பது ஆளை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஆனையூர், நாளைக்குத் திருப்பாலை என்று சைட் சைட்டாக அலைகிறவர்களுக்கான சரக்கு இது. நான் மதுரையில் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். டிப்ளமோ சிவில். வக்கீல் இல்லை. கீழே தீர்ப்பு, தீர்ப்பு என்று அடிக்கடி வரும். அதெல்லாம் நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்டது.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். 2018-ல் எனக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டரின் சைட்டில் சன்ஷேடு இடிந்து ஒரு சித்தாள் இறந்துபோனார். முப்பது வயது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இரண்டு லட்சம் கொடுத்து, முத்திரைத்தாளில் 'இனிமேல் எந்தப் பாத்தியதையும் கோர மாட்டோம்' என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். காரியம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒன்றரை வருடம் கழித்து தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்றால், சாவுக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வீட்டுக்குப் போய்க் கையில் கொடுத்த பணம் இழப்பீடே ஆகாது, மூன்று மாதச் சம்பளம் வரைக்கும் முன்பணமாகக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரம் செல்லாது. அப்போது கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 8,000 ரூபாய். அதில் பாதி 4,000. முப்பது வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 8,31,920 ரூபாய். வட்டி தனி. மனுஷர் ஒரு பிளாட்டை விற்றார். அந்த வாரமே நான் ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

அந்தக் காரணி என்பது சட்டத்தின் நான்காவது அட்டவணையில் வயது வாரியாக இருக்கும். பதினாறு வயதுக்கு 228.54-ல் தொடங்கி வயது ஏற ஏறக் குறையும். நாற்பதுக்கு 184.17, ஐம்பதுக்கு 153.09. இறந்தால் சம்பளத்தில் பாதியை அதனால் பெருக்க வேண்டும், முழு ஊனம் என்றால் அறுபது சதவீதத்தை. பகுதி ஊனம் என்றால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்றோ அத்தனை. இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி என் பைக் டேங்க் கவரில் வைத்திருக்கிறேன். சிமெண்ட் கடைக்காரர் பார்த்துவிட்டு ராசிபலனா என்று கேட்டார்.

நான் பாலிசி எடுத்தது 2020 ஜனவரி. அந்த மாதம் 3-ம் தேதிதான் மத்திய அரசு உச்சவரம்பை 8,000-லிருந்து 15,000-ஆக உயர்த்தியது. ஏஜென்ட் தம்பி நல்ல பையன், ஆனால் வியாபாரி. "சார், ஆளுக்கு மாசம் பத்தாயிரம்னு போடுவோம், பிரீமியம் குறையும்" என்றான். இந்தப் பாலிசியில் பிரீமியம் கணக்கிடுவது ஆள் எண்ணிக்கையை வைத்து அல்ல, வருடச் சம்பளப் பட்டுவாடாவை வைத்து. குறைத்துச் சொன்னால் கம்பெனியும் அந்த விகிதத்தில்தான் கொடுக்கும். கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரத்தைத் தாண்டும்போது பத்தாயிரம் என்று எழுதுவது நம்மை நாமே ஏமாற்றுவது. எல்லாருக்கும் 15,000 என்று எழுதச் சொன்னேன். போன வருடம் ஒன்பது பேருக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 24,000 சொச்சம் வந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு கழிவறை டைல்ஸ் போடும் செலவு. விலை விஷயத்தில் எனக்குக் குறை இல்லை.

குறை வந்தது 2022 ஆகஸ்டில்.

என்னிடம் பதினோரு வருடமாக இருக்கும் கொத்தனார், வயது நாற்பத்திரண்டு. முதல் மாடி வெளிப்பூச்சு. மதியம் ஒரு மணி, சாப்பாட்டு நேரம். தூக்குவாளியை மேலேயே விட்டுவிட்டார். எடுக்கப் போனவர் இறங்கும்போது சாரத்தின் குறுக்குக் கம்பு விலகிவிட்டது. பதினோரு அடி. வலது குதிகால் எலும்பு நொறுங்கியது, வலது மணிக்கட்டு முறிந்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படுத்திருந்தவரிடம் ஏன் சாரத்தில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். "படிக்கட்டுல சென்ட்ரிங் பிரிக்கலையேண்ணே, வேற எதுல எறங்குறது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. கான்கிரீட்டைத் தாங்கும் பலகையடைப்பான சென்ட்ரிங்கைப் பிரிக்காமல் விட்டது நான்.

அன்று மாலையே கம்பெனிக்குத் தகவல் கொடுத்தேன். இதுவரைக்கும் சேவை நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி சைட்டுக்கு வந்தார், படம் எடுத்தார், என் சனிக்கிழமை பட்டுவாடா நோட்டைக் கேட்டார். இந்த நோட்டு இல்லையென்றால் உங்கள் பாலிசி வெறும் காகிதம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 'இவர் என் ஆள்' என்பதற்கு அதுதான் சாட்சி. ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, ஆதார், நோட்டு, மூன்றும் கொடுத்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விபத்து சாப்பாட்டு இடைவேளையில் நடந்தது, வேலை நேரத்தில் அல்ல. தொழிலாளி தன் சொந்தப் பாத்திரத்தை எடுக்கப் போனார். அவருடைய கவனக்குறைவே காரணம். ஆகவே கிளெய்ம் ஏற்கப்படவில்லை. இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பெனி வக்கீல் என்னைக் கூப்பிட்டு, "அவர் உங்க ஆளே இல்லை, மேஸ்திரி கூட்டிட்டு வந்த ஆள்னு எழுதிக் கொடுங்க, ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். பதினோரு வருடமாக என் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வருகிற மனிதர். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அரை நட்சத்திரம் அங்கே போயிற்று. அப்படி எழுதிக் கொடுத்திருந்தாலும் எனக்கு ஒன்றும் லாபமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நம் தொழிலின் வேலையை இன்னொருவரிடம் உள்குத்தகைக்கு விட்டாலும், அவருடைய ஆளுக்கு அடிபட்டால் நம்மிடமே கேட்கலாம் என்று சட்டத்தின் 12-ம் பிரிவு சொல்கிறது. ஆக, எழுதிக் கொடுத்தால் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்வது கம்பெனி மட்டும்தான்.

வழக்கு ஆணையர் முன்னால் போனது. கொத்தனாருக்கு வாதாடியது ஒரு இளம் வக்கீல் அம்மா. நான் எதிர்த்தரப்பு எண் ஒன்று, கம்பெனி எண் இரண்டு. நான் உட்கார்ந்திருந்ததோ எதிர்த்தரப்பில், மனதுக்குள் கைதட்டியதெல்லாம் அந்த அம்மாவுக்கு.

அவர் முதலில் எடுத்தது 2019-ல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு பஸ் டிரைவர் வழக்கு. டிரிப் முடிந்து பஸ்ஸோடு தங்கியிருந்தவர், பஸ் கூரை மேலே சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது விழுந்து இறந்தார். சாப்பிடப் போனது சொந்த வேலை என்று எதிர்த்தரப்பு சொன்னது. மறுநாள் முதல் டிரிப்புக்காக அவர் பஸ்ஸை விட்டுப் போக முடியாத நிலையில் இருந்தார், அதனால் வேலையின் ஊடே நடந்ததுதான் என்றது கோர்ட். அடுத்தது 2020 மார்ச் தீர்ப்பு. அம்பாலாவிலிருந்து மீரட்டுக்கு லாரி ஓட்டிக்கொண்டு போன இருபத்தொரு வயதுப் பையன், வெயில் தாங்காமல் யமுனைக் கால்வாய் ஓரம் நிறுத்தி, தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் இறங்கியவன் வழுக்கி விழுந்து இறந்தான். வண்டியை ஓட்டுகிறவனுக்குக் களைப்பாறுவதும் வண்டிக்குத் தண்ணீர் எடுப்பதும் வேலையோடு சேர்ந்தவைதான் என்று சொல்லி, உயர் நீதிமன்றம் தள்ளிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. கவனக்குறைவு என்ற வாதம் நிற்கவே இல்லை. யார் தவறு என்று இந்தச் சட்டம் கேட்பதே கிடையாது. குடித்திருந்தார், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றினார் என்பதெல்லாம்கூடச் முழு ஊனம் ஆகாத காயங்களுக்குத்தான் சாக்கு. சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அதுவும் செல்லாது. கட்டட வேலையில் சனிக்கிழமை சாயங்காலங்களைப் பார்த்தவர்கள் இந்த வரியை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாலிசித் தாளில் 'வேலையிலிருந்து எழுந்து, வேலையின் ஊடே நிகழ்ந்த விபத்து' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. சட்டத்தின் 3-ம் பிரிவில் உள்ள அதே சொற்கள். வாங்கும்போது அதைப் படித்தால் சைட்டில், வேலை நேரத்தில் என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்வது கோர்ட். நாம் பிரீமியம் கட்டி வாங்குவது அந்த வரியை அல்ல, அந்த வரிக்குக் கோர்ட் கொடுத்திருக்கும் அகலத்தை. இது ஏஜென்டுக்குத் தெரியவில்லை. கடிதம் எழுதிய கிளெய்ம் ஆபீஸருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிறகு ஊனம் எத்தனை சதவீதம் என்ற சண்டை. மருத்துவச் சான்றிதழ் 25 என்றது. அந்த அம்மா 1975-ம் வருடத்து வழக்கு ஒன்றை எடுத்தார். ஒடிசாவில் ஒரு தச்சர், இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அட்டவணைப்படி பார்த்தால் 70 சதவீதம்தான் வரும் என்பது முதலாளி கட்சி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு அது நூறு சதவீதம் என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2019-ல் ஒரு டிரைவர் வழக்கிலும் அதே கணக்கு: நீண்ட நேரம் நிற்க முடியாது, காலை மடக்க முடியாது, வண்டி ஓட்ட முடியாது, எனவே அவர் செய்த தொழிலைப் பொறுத்து நூறு. எலும்பு எத்தனை சதவீதம் கெட்டது என்பது டாக்டர் பார்ப்பது. கொலுறு (பூச்சுக் கரண்டி) பிடிக்கிற மணிக்கட்டும் சாரம் ஏறுகிற குதிகாலும் போன பிறகு கொத்தனார் எத்தனை சதவீதம் கொத்தனார் என்பது வேறு கேள்வி. மட்டப்பலகை பிடித்தவனுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும்.

எங்கள் வழக்கில் நூறு வரவில்லை. தரையில் நின்று உள்பூச்சும் டைல்ஸும் செய்ய முடியும் என்று அவரே ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர், அதனால் நஷ்டப்பட்டார். ஆணையர் 35 சதவீதம் என்று முடிவு செய்தார். 15,000-ல் அறுபது சதவீதம் 9,000. நாற்பத்திரண்டு வயதுக் காரணி 178.49. பெருக்கினால் 16,06,410. அதில் 35 சதவீதம் 5,62,243 ரூபாய் சொச்சம். அவர் உண்மையில் மாதம் இருபத்தாறாயிரம் சம்பாதித்தார் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. உச்சவரம்பு 15,000 என்றால் 15,000. அது பாலிசியின் குறை இல்லை, சட்டத்தின் குறை.

கம்பெனி இந்தத் தொகையைக் கட்டியது. மேல்முறையீடு போகவில்லை. போனாலும் பெரிதாகக் கிடைக்காது. உயர் நீதிமன்றம் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் கேட்கும், நடந்தது என்ன என்பதில் ஆணையர் சொன்னதே கடைசி வார்த்தை என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் ஒரு தீர்ப்பில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. கட்டிய வகையில் நட்சத்திரம் எதையும் குறைக்கவில்லை.

இப்போது வட்டி. மூன்றரை என்று நான் குறைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இழப்பீடு தாமதமானால் வருடத்துக்கு 12 சதவீதம் சாதாரண வட்டி. கேள்வி, எந்தத் தேதியிலிருந்து? ஆணையர் உத்தரவு போட்ட தேதியா, விபத்து நடந்த தேதியா? நான் சொன்னேனே 1975 தச்சர் வழக்கு, அதிலேயே இழப்பீடு விபத்து நடந்த அன்றே பாக்கியாகிவிடுகிறது என்று நான்கு நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நடுவில் 2007-லும் 2009-லும் சிறிய அமர்வுகள் விபத்துத் தேதியிலிருந்து அல்ல என்று சொல்லிக் குழப்பின. 2012-ல் உச்ச நீதிமன்றம், பெரிய அமர்வு சொன்னதைக் கவனிக்காமல் சொன்னவை அவை, முன்னுதாரணம் ஆகாது என்று சரி செய்தது. 2018-ல் ஒரு போக்குவரத்துக் கழக வழக்கில் திரும்பவும் சொன்னது. 2022 மார்ச்சில் மகாராஷ்டிர சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்துக்காக இன்னொரு முறை சொன்னது. அவர் இறந்தது 2009-ல். உயர் நீதிமன்றம் வட்டியை உத்தரவுத் தேதியிலிருந்து கணக்கிட்டது, அது தவறு என்று திருத்தினார்கள். ஒரே விஷயத்தை ஐம்பது வருடமாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், கீழே எத்தனை பேர் அதைக் கேட்காமல் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, தொழிலாளிக்கு நல்லது. அந்த வட்டியைக் கட்டுவது யார்? லாரி, பஸ் பாலிசியாக இருந்தால் வட்டியும் கம்பெனி பொறுப்பு, அபராதம் மட்டும் முதலாளி பொறுப்பு என்று 1997-லேயே தீர்ப்பு இருக்கிறது. அதை நம்பித்தான் நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் 2006-ல் குஜராத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு ஒன்று சொன்னது: வாகன பாலிசிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாயம் உண்டு, தனியாக எடுக்கும் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, எனவே வட்டி கொடுக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது செல்லும். என் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது பக்கம், விலக்குகள் பட்டியல், கடைசிக்கு முந்தைய வரி. 'சட்டப்படியான வட்டியும் அபராதமும் நீங்கலாக.'

விபத்து 2022 ஆகஸ்ட், உத்தரவு 2024 டிசம்பர். இருபத்தெட்டு மாதம், மாதத்துக்கு ஒரு சதவீதம். 1,57,428 ரூபாய். என் பையிலிருந்து போயிற்று. அந்த இருபத்தெட்டு மாதத்தில் பாதிக்கு மேல் கம்பெனி வக்கீல் வாங்கிய வாய்தா. அவர் நேரம் கேட்கக் கேட்க என் மீட்டர் ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியாமலே. வீட்டில் சொன்னேன். "பாலிசி எடுத்ததுக்கு அப்புறமும் ஒன்றரை லட்சமா?" என்று கேட்டாள். எடுக்காமல் இருந்தால் ஏழு லட்சம் என்றேன். பதில் கணக்குக்குச் சரி, கேள்விதான் நியாயம்.

அபராதம் எனக்கு விழவில்லை. நியாயமான காரணம் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை போடலாம். நான் தப்பித்ததற்குக் காரணம் பழைய மேஸ்திரி ஒருவர் சொன்ன யோசனை. முழுத் தொகையில் தகராறு இருந்தாலும், நாம் ஒப்புக்கொள்கிற அளவை உடனே ஆணையரிடம் கட்டிவிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஐம்பதாயிரம் முதலிலேயே கட்டியிருந்தேன். ஆஸ்பத்திரிச் செலவு ரசீதுகளையும் முதலாளி கொடுத்தாக வேண்டும். 2009 திருத்தத்தில் வந்தது இது. பாலிசியில் மருத்துவச் செலவு தனிச் சேர்க்கை, கூடுதல் பிரீமியம். நான் அதை எடுத்திருந்தேன், அது ஒழுங்காக வந்தது.

இரண்டாவது அனுபவம் சின்னது, ஆனால் இப்போது வாங்குகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். 2023-ல் என் நிமிந்தாள் (கொத்தனாருக்குக் கையாள்) ஒருவன், இருபத்து நான்கு வயது, காலை ஏழே கால் மணிக்கு மேலூரிலிருந்து டி.வி.எஸ். வண்டியில் சைட்டுக்கு வரும்போது கார் இடித்துக் கால் முறிந்தது. கம்பெனியில் கேட்டேன். போனிலேயே 'ரோட்டில் நடந்ததெல்லாம் வராது சார்' என்று முடித்துவிட்டார்கள். பையன் கார் மேல் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனான். இரண்டு வழியும் திறந்திருந்தாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் என் பாலிசியை நான் மறந்துவிட்டேன்.

2025 ஜூலை 29 அன்று வந்தது ஒரு தீர்ப்பு. நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் இரவுக் காவலாளி. அதிகாலை மூன்று மணிக்கு டியூட்டி. 2003 ஏப்ரல் 22 அன்று மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவர், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்தார். ஆணையர் 3,26,140 ரூபாய் வட்டியோடு கொடுக்கச் சொன்னார். 2011-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் ஆணையர் உத்தரவை மீண்டும் நிலைநிறுத்தியது. இருபத்திரண்டு வருடம்.

இதில் பின்கதை ஒன்று உண்டு. 1996-ல் இ.எஸ்.ஐ. வழக்கு ஒன்றில், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சைக்கிளில் அடிபட்ட தொழிலாளிக்கு அது வேலையின் ஊடே வந்த விபத்து இல்லை என்று சொல்லியிருந்தார்கள். 2010-ல் நாடாளுமன்றம் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது: வீட்டுக்கும் வேலைக்கும் இடையே போகவர நடக்கும் விபத்தும் சேரும், சூழ்நிலை, நேரம், இடம் மூன்றுக்கும் வேலையோடு தொடர்பு இருந்தால். இ.எஸ்.ஐ. உள்ள ஆளுக்கு மட்டும் அது கிடைத்தது. 2025 தீர்ப்பு, அந்தப் பிரிவு ஒரு விளக்கம்தான், அதனால் முன்தேதிக்கும் பொருந்தும் என்றது. இரண்டு சட்டத்திலும் சொற்கள் ஒன்றேதான், 1923 சட்டத்தின் 3-ம் பிரிவையும் அப்படியே படிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. மூன்று மணி டியூட்டிக்கு அந்த நேரத்தில் அந்த ரோட்டில் போகிற மனிதர் வேறு எங்கே போவார்?

என் நிமிந்தாள் ஏழே காலுக்கு அந்த ரோட்டில் வந்ததும் எட்டு மணி கான்கிரீட்டுக்காகத்தான். போனில் சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேனே என்று இன்றைக்கும் உறுத்துகிறது. எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய 1923 சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. போகவர நடக்கும் விபத்து அதில் நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பழைய விபத்துகளுக்குப் பழைய சட்டம்தான். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கு உண்டு, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடித்தது. விபத்து 2008-ல், அப்போது சம்பள உச்சவரம்பு 4,000. பிறகு வந்த திருத்தம் அந்த வரம்பை எடுத்துவிட்டது, எங்களுக்கும் அதைக் கொடுங்கள் என்று குடும்பத்தார் கேட்டார்கள். விபத்து நடந்த அன்று என்ன சட்டமோ அதுதான் என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். நாலாயிரம் ரூபாயில் ஒரு உயிரைப் பெருக்கிப் பார்க்கும்போது எனக்கு ஒப்பவில்லை.

போன மாதம் புதுப்பித்தல். இந்த முறை ஏஜென்ட் தம்பியை டீக்கடையில் வைத்து ஒன்றரை மணி நேரம் பிடித்துக்கொண்டேன். வட்டியைச் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு இணைக்கும் கூடுதல் நிபந்தனை) வேண்டும் என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை, தலைமை அலுவலகத்தில் கேட்டு, கூடுதல் பிரீமியத்துக்குத் தருவதாகச் சொன்னான். கூடுதலாக 2,900 ரூபாய். கட்டினேன். உள்குத்தகை ஆட்களையும் சேர்க்கச் சொன்னேன், சென்ட்ரிங்காரர், கம்பி கட்டுகிறவர்கள், பெயின்டர் எல்லாரும். அதுவும் ஆயிற்று. மருத்துவச் செலவு முன்பே இருந்தது. பாலிசியில் பழைய சட்டத்தின் பெயரோடு புதிய தொகுப்பின் பெயரும் வர வேண்டும் என்று கேட்டேன், வந்திருக்கிறது. கடைசியாக, வேலைக்குப் போகவர நடக்கும் விபத்து இதில் சேரும் என்று ஒரே ஒரு வரி எழுத்தில் வேண்டும் என்று மின்னஞ்சல் போட்டேன்.

"அதுதான் கோர்ட்டே சொல்லிருச்சே சார், எழுத்துல எதுக்கு?" என்றான் தம்பி.

"கோர்ட் சொன்னதுக்குத்தான் தம்பி 28 மாசம் ஆச்சு" என்றேன்.

பதினெட்டு நாள் ஆகிறது, பதில் வரவில்லை. வந்தால் மூன்றரையை நான்காக மாற்றுகிறேன். கொத்தனார் இப்போது என்னிடம்தான் டைல்ஸ் வேலை பார்க்கிறார், தரைத்தளத்தில் மட்டும். மாடிக்கு ஏதாவது எடுத்துப் போக வேண்டுமென்றால் நானே போகிறேன்.